புளியங்கிண்ணம்

புளியங்கட்டையில் உளியை வைத்ததும் புளிப்பு கலந்த மரவாசம் வரும் என்றுதான் பரிபூரணம் நினைத்திருந்தாள். வந்தது சீயக்காய் வாசம். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஈரக்கூந்தலோடு ஒரு பெண் நம் பக்கத்தில் வந்து நின்றால் வீசுமே, அந்த வாசம். மரம் கடையும் லேத்தை நிறுத்தி, தரையில் கிடந்த மரச்சுருளை அள்ளி மூக்கருகே வைத்துப் பார்த்தாள். சுருளில் ஒன்றுமில்லை. வாசம் கட்டைக்குள்ளிருந்து வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நூல் மில்லில் அவளுக்கு லீவு. இராஜபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் இறக்கிய தகர ஷெட்டில் தனியாக நின்றிருந்தாள். மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

கிண்ணம் கடைய அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மூடிக்கிடந்த பட்டறையில் பழைய லேத்தை வாங்கி, செல்போனில் வீடியோ பார்த்துத் தானே கற்றுக்கொண்டாள். முதல் கட்டை திருகு கழன்று பறந்து கூரைத் தகரத்தில் மோதியது. தெருவே எட்டிப் பார்த்தது. இரண்டாவதை ஆழம் போதவில்லை போதவில்லை என்று குடைந்து அடியை ஓட்டையாக்கினாள். "புனலு நல்லா வந்துருக்கு" என்று மில் சிநேகிதி விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாவது உரல் கனம். நாலாவதில்தான் கை பழகியது. உளியால் மரத்தைக் குத்தக் கூடாது. உளியின் முதுகை மரத்தில் சாய்த்து மெல்லத் திருப்பினால் அதுவே சீவிக்கொண்டு போகும். அந்தக் கிண்ணத்தில்தான் இப்போதெல்லாம் கஞ்சி குடிக்கிறாள். அத்தனை கர்வம் அவளுக்கு.

ஐந்தாவதற்கு இந்தக் கட்டைதான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். கான்சாபுரத்தில் ரோட்டை அகலமாக்க வெட்டிய புளியமரம். விறகுக்கடை விறகுக்கடையாக அலைந்து, அதில் ஆள் உயரத்தில் இருந்த துண்டாகப் பார்த்து வாங்கி வந்தாள்.

அந்த மரத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினேழு வயதில், மாமனைக் கட்ட மாட்டேன், பாலிடெக்னிக்கில் சேருவேன் என்று வாசலில் நின்று கத்தினாள். கத்தியது அவள் இல்லை, பேய் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். எவ்வளவு வசதி! பேயோட்டும் கோடாங்கி வந்தார். உடுக்கை அடித்தார். அவளை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, உச்சிமயிரில் ஒரு கொத்தை மரத்தில் வைத்து ஆணி அடித்து, மயிரை அறுத்துவிட்டார். பேய் மரத்தோடு நின்றுவிட்டதாம். வீடு திரும்பியவள் அதன்பிறகு எதையும் எதிர்த்துப் பேசவில்லை. மாமனைக் கட்டினாள். அவன் செத்ததும், சொன்ன ஷிப்டுக்கு வாய் திறக்காமல் மில்லுக்குப் போய் வந்தாள். உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மயிர் முளைக்கவே இல்லை. அங்கே சீப்பு பட்டால் உயிர் போகிற வலி. அதனால் அந்த இடத்தை அவள் தொட்டதே கிடையாது.

காலையில் தம்பி ஐயாதுரை வந்து கட்டையைப் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனான்.

"அந்த மரத்தையாக்கா தூக்கிட்டு வந்துருக்க? எரிச்சுரு அக்கா. அது கெளம்பிரும்."

"ஏலே, அன்னைக்கி ஆணிய எடுத்துக் குடுத்ததே நீதானல?"

"நான் சின்னப்பய. எனக்கு என்ன தெரியும்?"

"சரி, இப்பத் தெரிஞ்சுக்க. அதுல கெடக்குறது பேயில்ல. நான். என்னைய நான் வெளிய எடுக்கப் போறேன். கெளம்புனா கெளம்பட்டும்."

சாயங்காலம் வாரேன் என்று முனகிவிட்டுப் போனான்.

இப்போது அவன் முகம் நினைவுக்கு வந்தது. போடா, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு லேத்தைப் போட்டாள். தூறல் தகரத்தில் பட்டுப் பட்டு விழுந்தது. பெல்ட் ஒரே சீராக இரைந்தது. கருஞ்சிவப்பாக வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் உளி இறங்க இறங்க, சுருள் முழங்கை வழியே வழிந்து காலடியில் குவிய, சீயக்காய் வாசம் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கிண்ணத்தின் வாய் விரிந்தது. உள்ளே இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

டக்.

உளி துள்ளியது. இரும்பு. ஆணி இருக்கிறது. இதைத் தேடித்தானே வந்தாய் என்று தன்னையே அதட்டினாள். சுவிட்சை அணைத்தாள்.

கட்டை நிற்கவில்லை.

மழை வலுத்தது. தெருவில் கரண்ட் போனது. பக்கத்து வீட்டு டிவி பாதி வார்த்தையில் அடங்கியது. தூரத்தில் மில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. ஷெட் இருண்டது. கட்டை மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அதன் நடுவிலிருந்து கறுப்பாக ஏதோ நீண்டு வந்தது. நூல் இழையா? நூலோடு காலம் தள்ளியவளுக்கு அது நூல் இல்லை என்று தெரியாதா. மயிர். ஈர மயிர். அவள் மணிக்கட்டைச் சுற்றியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இழுத்தது.

ஓடு என்றது உடம்பு. கதவு நாலே எட்டில் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கோபம் வந்தது. அன்று மரத்தடியில் வர வேண்டிய கோபம்.

"ஏட்டி, நில்லு! நாந்தான் வந்துருக்கேன்!"

சுற்றும் கட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தாள். உள்ளங்கை தீய்ந்தது. விடவில்லை.

கட்டை நின்றது.

மழைச் சத்தம். அவள் மூச்சுச் சத்தம். அவ்வளவுதான்.

ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்தாள். கிண்ணத்தின் அடியில் துருத்திய இரும்பைக் கவ்வி இழுத்தாள். மயிர்க்கொத்தோடு வழுக்கிக்கொண்டு வந்தது. கூர் இருந்தது. உடல் இருந்தது. தலை இல்லை. மரத்துக்குள் தடவிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

கதவு திறந்தது. ஐயாதுரை. செல்போன் வெளிச்சத்தை அவள் மேல் அடித்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா... ஒன் தலையில..."

பரிபூரணம் உச்சியில் விரலை வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மயிர் முளைத்திருந்தது. அடர்த்தியாக. ஈரமாக. அதன் நடுவே குளிர்ச்சியாக ஒன்று. வட்டம். இரும்பு.

ஆணியின் தலை.

"எடுத்துராதக்கா! ஒன் கால்ல விழுதேன், எடுத்தா அது கெளம்பிரும்!"

அவள் தம்பியைப் பார்த்தாள். குறட்டைத் தலைக்கு மேலே தூக்கினாள். இரும்பு இரும்பைக் கவ்விய சத்தம் மண்டைக்குள் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். நெற்றியில் வெதுவெதுப்பாக வழிந்தது. சீயக்காய் வாசம்.

ஆணி அசைந்தது. அவள் முதுகுக்குப் பின்னால், கரண்ட் இல்லாத லேத்தில், கிண்ணம் மெல்லச் சுற்றத் தொடங்கியது.