அசையாத நாரைகள்

“அப்பா, நாரை நம்மளப் பார்த்துப் பயப்படுதா, உங்க கையில இருக்கிற பெரிய கண்ணைப் பார்த்தா?”

ஏரிக்கரையில் இன்ஸ்பெக்டர் தொலைநோக்கியைத் தூக்கியபோது அவருடைய மகள் ஒருமுறை கேட்டாள்.

இன்று அதே ஏரி. காலை ஏழு மணி. பறவை பார்ப்பவர்களுக்கான பலகைக் குடிலுக்குள் ஒரு புகைப்படக்காரர் இறந்து கிடந்தார். கழுத்தைச் சுற்றிக் கேமரா வாரின் தடம். வெளியே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. எதிர்த்திட்டு மரங்களில் நூற்றுக்கணக்கான நாரைகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டவை போல வாய்மூடி அமர்ந்திருந்தன.

“அந்தப் படகோட்டிதான் சார்! நேத்துதான் மாமாகூட மல்லுக்கு நின்னான்” என்று அழுதான் இறந்தவரின் மைத்துனன்.

“ஏன்யா, சண்டை போட்டியா?” கரையில் நின்ற படகோட்டியிடம் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“போட்டேன் ஐயா” என்றார் படகோட்டி. “குஞ்சு இருக்கிற நேரத்துல கூட்டுப் பக்கம் படகை விடச் சொன்னாரு. மாட்டேன்னேன். வாய்ச் சண்டைக்கெல்லாம் ஆளைக் கொல்றதுன்னா, என் பொண்டாட்டி என்னை எப்பவோ முடிச்சிருப்பா.”

ஏட்டு சிரிப்பை விழுங்கினார்.

“தம்பி, நீங்க எங்கே இருந்தீங்க?” இன்ஸ்பெக்டர் மைத்துனனிடம் திரும்பினார்.

“குடிலுக்கு வெளியே, இந்த மேட்டுல. விடிஞ்சதுலேர்ந்து படம் எடுத்துட்டிருந்தேன். இவன் உள்ளே போனதைப் பார்த்தேன். இதோ, படத்துல நேரம்கூடப் பதிஞ்சிருக்கு.”

அவன் நீட்டிய கேமராவின் திரையில் தாய் நாரைகள் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கழுத்தைத் திருப்பவில்லை.

படகோட்டிக்கு விலங்கு ஏறியது. ஜீப்பருகே அவர் தயங்கினார். “ஐயா, சைரன் மட்டும் போடாதீங்க. பெருசு பதறினா குஞ்சுங்க தவறி விழும்.”

இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். தூக்குமேடை நிழலில் நிற்பவன் கேட்கிற சலுகையா இது?

அப்போது ஏட்டு மைத்துனனின் கேமராவை வாங்கி, அவன் சொன்ன அதே மேட்டில் நின்று கண்ணில் வைத்தார். முழங்கை நீள வெள்ளை லென்ஸ் குழல். முனையில் வட்டக் கண்ணாடி பளிச்சிட்டது.

மரமே கிழிந்ததுபோல நாரைகள் எழுந்தன. வானம் இருண்டது. குஞ்சுகள் அலறின.

“இறக்குய்யா அதை!”

பறவைகள் திரும்பி அமரும்வரை இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பிறகு கேமராவோடு குடிலுக்குள் போய், சாளரத்தில் தொங்கிய வலைக்குப் பின்னாலிருந்து நீட்டினார். ஓர் இறகும் அசையவில்லை.

வெளியே வந்தவர் குரலை உயர்த்தவில்லை.

“தம்பி, இத்தனை பேர் நடமாடியும் அசையாத பறவைங்க, உங்க கேமராவைக் கண்டதும் பறந்துடுச்சு. அதுங்களுக்கு அது உத்துப் பார்க்கிற மிருகத்தோட கண்ணு. மேட்டுல நின்னு எடுத்திருந்தா படத்துல வெறும் மரம்தான் இருக்கும். வலைக்குப் பின்னாலதான் எடுத்திருக்கீங்க. அந்த நேரம் குடிலுக்குள்ள இருந்தது நீங்க.”

மைத்துனன் மரத்திட்டைப் பார்த்தபடி சொன்னான். “குஞ்சு பிடிக்கிறவங்களுக்குக் கூடு இருக்கிற இடத்தைச் சொல்லிட்டிருந்தேன்... மாமா கண்டுபிடிச்சிட்டாரு. வெளியே சொல்லிடுவேன்னாரு...”

படகோட்டியின் விலங்கை இன்ஸ்பெக்டரே கழற்றினார்; கரையிலிருந்த படகில் இருக்கைப் பலகை பெயர்ந்து கிடந்தது.

மறுநாள், படகோட்டி சாப்பிடப் போன நேரம் பார்த்து, சீருடை இல்லாமல் தனியே வந்தார். சோதனை என்ற பெயரில் தம் ஆட்கள் பெயர்த்துப் போட்டிருந்த படகின் இருக்கைக்குப் புதுப் பலகை பொருத்தினார். சுத்தியல் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு திருகாணியையும் கைத் திருப்புளியாலேயே, சத்தமின்றி முறுக்கிவிட்டுப் போனார்.