பொட்டாசிய முகடு

திரையில் முகடு இறங்கவில்லை.

ஒன்றரை கிலோமீட்டர் பாறைக்கடியில், ஈய அறைக்குள் ஜெர்மானியம் என்ற தனிமத்தின் குளிரூட்டிய படிகங்களை வைத்துக்கொண்டு பதினோரு வருடமாகக் காத்திருக்கிறார்கள். நியூட்ரினோக்களே வெளிவராமல் ஓர் அணு சிதைந்தால் போதும், நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றுதான் என்று தெரிந்துவிடும். அதற்கு மனிதர்களே இடைஞ்சல். ஒவ்வோர் உடம்பிலும் உள்ள பொட்டாசியம் ஓயாமல் கதிர் வீசும். ஆள் அருகில் நின்றால் படிகங்களில் படும் அந்தக் கதிர்கள் திரையில் முகடாக எழும், விலகினால் இறங்கும். அதனால் ஈய அறையின் கதவை மூடுமுன் எல்லோரும் விலகி நின்று பத்து நிமிடம் கதிர்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

இன்று விலக வேண்டியவள் அவள் ஒருத்திதான். விலகி, கட்டுப்பாட்டு அறைக்கு வந்தாயிற்று. விசிறியின் முனகலையும் ஈரப் பாறையின் வாடையையும் தவிர அங்கே துணை எதுவுமில்லை.

மேலே, இறங்குகிறவர்கள் கையோடு எடுத்துப்போகும் டோக்கன்களின் பலகையைக் கவனிக்கும் ஷிப்ட் அதிகாரியைப் போனில் அழைத்தாள். அவளை ‘எறும்பு’ என்றே கூப்பிடுகிறவர்.

“அண்ணே, கீழ வேற யாராவது இருக்காங்களா?”

“உன் டோக்கன் ஒண்ணுதான் பலகையில இல்ல, எறும்பு. என்ன, பயமா? பாட்டு வேணா பாடவா?”

“முகடு இறங்கல.”

“எதையாவது தப்பா எண்ணியிருப்ப.”

இருக்கலாம். எந்தத் தப்பும் முதலில் தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவள் அவள். டார்ச்சோடு போய் ஈய அறையின் மூலைமூலையாகப் பார்த்தாள். யாருமில்லை. திரும்பி வந்து மறுபடி எண்ணினாள். ஓர் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் முப்பது வரும். திரையில் அறுபத்தொன்று. நம்பாமல் இன்னொருமுறை எண்ணினாள்.

நூற்றிருபது.

“அண்ணே... நாலு பேர்.”

மறுமுனையில் சிரிப்பில்லை. “கதவ மூடிட்டுக் கிளம்புமா. லிப்ட் அனுப்புறேன். பன்னிரண்டு நிமிஷம்.”

மூடினால் உள்ளே காற்றிருக்காது. “யாராவது இருக்கீங்களா? வெளிய வந்துடுங்க!” என்று ஒலிபெருக்கியில் கத்தினாள். அவள் குரலே சுரங்கம் முழுக்கப் போய்த் திரும்பியது. பொத்தானை அழுத்தினாள். ஈயக் கதவு உறுமிக்கொண்டே நகர்ந்து மூடியது.

முகடு சரிந்தது. பூஜ்யம்.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

பிறகுதான் உறைத்தது. படிகங்கள் உள்ளே; ஈயம் வெளியே இருப்பதை மட்டும்தான் அவற்றிடமிருந்து மறைக்கும். உள்ளே யாராவது இருந்தால் முகடு அப்படியே நின்றிருக்கும்.

உள்ளே யாருமில்லை.

வெளியே.

எதிரே, கட்டுப்பாட்டு அறையைச் சுரங்கத்திலிருந்து பிரித்த கண்ணாடித் தடுப்பில், முக உயரத்தில், மூச்சு பட்டதுபோல் ஆவி படர்ந்தது. மங்கியது. மறுபடி படர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் இரண்டு.

விரலை நீட்டித் தொட்டாள்.

ஈரம், அவள் இருந்த பக்கத்தில்.