கடைசி உருண்டை

நேற்று அடித்த வெள்ளை எனாமல் கப்போர்டு முழுக்கக் காய்ந்துவிட்டது. அதன் கோடிக் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் மட்டும் காயவில்லை. அங்கே விரல் விரலாக நாலு மஞ்சள் தீற்றல்கள் மேலே எழும்பி நின்றன. கங்கா குனிந்து பார்த்துவிட்டு, "செத்தும் விடல்லை பாரு சனியன்," என்று முணுமுணுத்தாள்.

சனியன் என்றது நாத்தனார் மாயம்மாளை. மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய வீட்டில், கணவன் வெங்கிடேஷின் அக்காவான அவள்தான் கல்யாணமே செய்துகொள்ளாமல் காலமெல்லாம் அடுக்களையை ஆண்டவள். சோறு தொட்ட கையால் வேறெதையும் தொட்டால் 'பத்து', தீட்டு என்பாள். சொம்புத் தண்ணீரில் விரலை முக்கி, உதறி, அந்த ஈரக் கையோடுதான் கப்போர்டைத் திறப்பாள். குழந்தை ஸுப்ரியாவை அந்தக் கோடிக் கதவின் முன்னால் உட்காரவைத்து ஊட்டுவதும் அவள்தான். "இது அப்பாக்கு, இது காக்காக்கு" என்று உருட்டி உருட்டி ஊட்டிவிட்டு, "கடைசி உருண்டை அம்மாக்கு" என்று ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்து வைப்பாள். எச்சில் சோற்றில் ஒரு பாசமாம், தூ! கங்கா ஒருநாள்கூட அதை வாயில் வைத்ததில்லை. மாயம்மாள் பார்க்கப் பார்க்கவே குப்பையில் கொட்டுவாள்.

போன மாசம் அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து நாலு வயசுக் குழந்தை சோற்றைத் தொடவில்லை. கங்கா ஊட்டினால் துப்பியது. விலா எலும்பு தெரிய, கோடிக் கதவின் முன்னால் போய் உட்கார்ந்து வாயைத் திறந்து காத்திருந்தது. பெற்றவளுக்கு வயிறு எரியாதா? அடுக்களையின் முகமே மாறினால் பிள்ளை அத்தையை மறந்து தன் கையால் சாப்பிடும் என்று கங்கா கணக்குப் போட்டாள்.

செலவு செய்யத்தான் மனசு வரவில்லை. காக்கநாட்டு ஆபீஸ் சிநேகிதி வீட்டில் மிஞ்சிய அரை டப்பா எனாமல், தேய்ந்த ஒரு பிரஷ், அவ்வளவுதான்.

"பிசுக்கு நன்னா உண்டு கங்கா. உப்புத்தாள் தேச்சு ஒரு கோட் பிரைமராவது அடிக்கலாமே," என்று வெங்கிடேஷ் நேற்றே சொல்லிப் பார்த்தான். "அக்கா கைபட்ட எடமாக்கும்."

"பிரைமர் கடைக்காரன் பொழைக்கறதுக்கு. உங்க அக்கா கையை மறைக்க இது போறும்."

பெண்டாட்டியை எதிர்த்து இன்னொரு வார்த்தை பேசத் துப்பில்லாதவன், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். கங்கா மேதாவியோ, கதவுகளைத் திறந்து வைத்து அடிக்கவேண்டும் என்றுகூடத் தெரியாமல், மூடிய கதவுகளின் மேலேயே இடுக்கெல்லாம் அடைபட வழித்துப் பூசினாள்.

இன்று சனிக்கிழமை. அவளுக்கு லீவு, வெங்கிடேஷ் கலூருக்கு வேலைக்குப் போயிருந்தான். கங்கா பிரஷ்ஷை எடுத்துத் தீற்றல்களின் மேல் மறுபடி இழுத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஊறி வந்தது, முன்னைவிட ஈரமாக. வெளியே மத்தியானத்தையே இருட்டிக்கொண்டு மழை வந்து, பஜார் ரோட்டுக் கிடங்குகளின் இஞ்சி வாசனையை ஜன்னல் வழியாகத் தள்ளியது. அதற்கும் அடியில், பெயிண்ட் நாற்றத்துக்கும் அடியில், அடுப்பு மூட்டாத அந்த அடுக்களையில், தேங்காயெண்ணெயில் கடுகு பொரியும் வாசனை கோடிக் கதவின் பின்னாலிருந்து மெல்லக் கசிந்தது.

கைப்பிடியை இழுத்தாள். கதவு பெயிண்டில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. "பழைய பிசுக்கு வாசனை, வேறென்ன," என்று தனக்குத்தானே இளித்துக்கொண்டாள்.

அப்போது உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சொம்பில் விரல் முங்கும் சத்தம். பிறகு உதறல். மறுபடி முங்கல்.

கரண்ட் போயிற்று.

"ஸுப்ரியா!"

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்க ஓடினாள். பாய் காலி. திரும்பி ஓடிவந்தாள்.

கோடிக் கதவின் முன்னால் குழந்தை சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. மென்றுகொண்டிருந்தது. உதட்டில் மஞ்சள் சோறு. மோவாயில் வெள்ளை விரல் தடங்கள், ஈரமாக. ஒரு மாசத்துக்குப் பிறகு அது சிரித்தது.

"யாருடி தந்தா? துப்பு! துப்புடீ!"

குழந்தை விழுங்கிவிட்டது. "வயிறு ரொம்பிடுத்து," என்றது. கதவைத் திரும்பிப் பார்த்தது. "அம்மாக்குத்தான் பாக்கி."

ஒட்டியிருந்த பெயிண்ட் இழுபட்டுப் பிரிந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. இன்னும் கொஞ்சம். கங்கா பின்னால் நகரப் பார்த்தாள். குழந்தை அவள் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. திறந்த வாயை மூடவும் முடியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. மணிக்கட்டுவரை வெள்ளை. நேற்று அவளே பூசிய வெள்ளை. சொட்டிக்கொண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில், ஆவி பறக்க, ஒரே ஒரு உருண்டை.

கீழேயிருந்து குழந்தை கொஞ்சலாகச் சொல்லிற்று.

"ஆ காட்டும்மா."