ஊசியும் தகடும்

இந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்திரிக்காயைக்கூட நாலு தரம் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மனுஷனை மட்டும் ஒரு பார்வையிலேயே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறவன் நான். அன்று நல்ல மழை. ஆராய்ச்சிக்காரப் பெண் ஒருத்தி, ஆறு மாத உழைப்பில் மிஞ்சிய கடைசிப் பொடியைச் சூடான ஸ்பிரிட்டில் கரைத்து, வடிகட்டி, குடுவையில் ஆற வைத்திருந்தாள். ஆற ஆறச் சுத்தமான பொருள் படிகமாக இறங்குமாம். அழுக்கு திரவத்திலேயே நின்றுவிடுமாம்.

பக்கத்துக் கட்டடத்து ஆய்வுக்கூடத்தில் அடுப்பு கெட்டதால் அன்றுதான் வந்தான் அந்த ஒல்லிப் பையன். அவனும் தன் பொடியைக் கரைத்து வடிகட்டி, குடுவையை அவளுடையதற்குப் பக்கத்தில் ஆற வைத்தான். முழங்கை பட்டு ஸ்பிரிட் பாட்டில் சாய்ந்தது. குடுவைகளில் பேனாவால் எழுதியிருந்த பெயர்கள் கரைந்தே போயின. பதறி இரண்டையும் தூக்கித் துடைத்து வைத்தான். எது எங்கே இருந்தது...?

"கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

"உங்க மேல... இல்லங்க, குடுவை மேல!"

அவள் முறைத்தாள். பெரிய கண்கள். அவன் அதிலேயே நின்றுவிட்டான்.

ஒரு குடுவையில் வெள்ளை ஊசிகள் இறங்கின. மற்றது வெறும் தண்ணீர்போல் கிடந்தது. அவள் உதடு நடுங்கியது.

"ஊசி இறங்கினது உங்களுதுதான். எடுத்துக்கங்க."

"எப்படித் தெரியும்? பாவம் பாத்துக் குடுக்கறீங்களா? யாரும் எனக்குப் பிச்சை போட வேணாம்!"

ஊசிகளை வடித்து உலர்த்தி, ஒரு சிட்டிகையை மெல்லிய குழாயில் அடைத்துச் சூடாக்கினாள். அவளுடைய பொருள் உருக வேண்டிய சூட்டுக்கு வெகு முன்னாலேயே உருகிவிட்டது.

"இது என்னுது இல்ல..." ஸ்டூலில் சரிந்தாள்.

அவன் கண்ணாடிக் குச்சியால் மற்றக் குடுவையின் உட்சுவரைச் சுரண்டினான்; கீறல் விழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு படிகம் இறங்குமாம். கீச்... கீச்... ஒன்றும் வரவில்லை.

"விடுங்க. கரைக்கறப்ப ஸ்பிரிட்டை நான்தான் ஜாஸ்தியா ஊத்திட்டேன்."

"அப்ப வத்த வைங்க! உக்காந்து அழுதா வருமா?"

வற்ற வைத்தாள். ஆறியதும் அவன் மறுபடி சுரண்டினான். உப்புக்கல்போல ஒரு புள்ளி... பிறகு மினுமினுவென்று தகடு தகடாக! இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

கத்தி முடித்ததும் அவளுக்குச் சந்தேகம். "முதல்லயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்... என்னுது எப்பவும் ஊசியாத்தான் இறங்கும்."

"அப்புறம் எதுக்குப் பொய்?"

"நீங்க அழுதுடுவீங்களோன்னு... தாங்கலங்க."

"வேற பொருளை என் தலையில கட்டி, என் ஆறு மாசத்தையும் நாசம் பண்ணியிருப்பீங்க!"

"ஆமா... யோசிக்கல. உங்களைப் பாத்ததுலேர்ந்து ஒண்ணுமே யோசிக்க வரல. பிடிச்சிருக்குங்க."

வெளியே மழை கொட்டியது. அவள் தகடுகளை வடித்துத் தட்டில் பரப்பினாள். "கோவம் கோவமா வருது... நீங்க போயிடவும் கூடாதுன்னு இருக்கு. இது என்னன்னே புரியல." சட்டென்று என்னிடம் திரும்பினாள். "பெரியவரே, இந்த ஆளை நம்பலாமா?"

"சிட்டிகைப் பொடியையே சூடு பண்ணிப் பாத்துத்தானே நம்பின? இவனையும் கொஞ்ச நாள் பாரு."

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. அவன் கையிலிருந்த குச்சியை வாங்குகிறேன் பேர்வழி என்று விரலையும் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

மத்தியானம் பொய் சொன்னவன், சாயங்காலம் உயிருக்கு உயிராம். வாளியைக் கவிழ்த்துவிட்டு மழையில் இறங்கி நடந்தேன். எனக்கென்னவோ நம்பிக்கையில்லை.