காதில் போன தண்ணீர்

தலையணை உறையை மாற்றிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அது மறுபடியும் நனைந்திருந்தது.

படுத்திருந்த கணவரின் வலது காதுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஈரம். தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்த அவள், அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. வெளியே மழை வலுத்து அறை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரத் துண்டின் வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன.

காலை பதினொரு மணிக்குக் குளியலறையில் சோப்பை மிதித்து, காதுக்குப் பின்னால் குழாயில் நங்கென்று இடித்துக்கொண்டு விழுந்தார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "குழாய்க்கு ஒண்ணும் ஆகலையே, பாரு" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். அப்போதிருந்தே காது ஒழுகியது. குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும் என்று அவள்தான் பஞ்சை உருட்டி அடைத்தாள்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். வண்டியில் வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கெல்லாம் வீட்டில் சேர்த்துப் பேசிவிடுவார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. அதனால் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அவள் "சத்தியமா?" என்று கேட்டுவிட்டால் விளையாட்டு முடிந்தது. அதற்குமேல் அவர் புளுகியதே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு, அவர் விழுந்ததைச் சொல்ல, அவர் தங்கைக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள்.

"பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருங்க அண்ணி. பதில் கோணலா வந்தா உடனே சொல்லுங்க."

"உங்க அண்ணனுக்கு என்னைக்கு நேரா வந்திருக்கு?"

இருவரும் சிரித்தார்கள். காதுத் தண்ணீரைப் பற்றி அவள் சொல்லவில்லை. குளித்த தண்ணீரை யாராவது போனில் சொல்வார்களா? ஒன்றரை மணிக்கு அவர் வாந்தி எடுத்தபோதும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அவசரமாகச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வாளியைக் கழுவி வைத்துவிட்டு, தைக்க உட்கார்ந்துவிட்டாள். நடுவில் எழுந்து வந்து கிழமை கேட்டபோது, "உனக்கு லீவு இல்லாத கிழமை" என்றார். சரி, நன்றாகத்தான் இருக்கிறார் என்று நம்பினாள்.

இப்போது பஞ்சை எடுத்தாள். ஊறிப்போயிருந்தது. காதிலிருந்து ஒரு சொட்டு மெதுவாகத் திரண்டு அவள் விரலில் விழுந்தது.

வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் குளித்தது பச்சைத் தண்ணீரில். அதுவும் நான்கு மணி நேரத்துக்கு முன்னால்.

அவள் போனை எடுத்தாள். காது ஒழுகுவதையும் வாந்தியையும் சொன்னாள்.

"அண்ணி, அது குளிச்ச தண்ணி இல்ல. மூளையைச் சுத்தி இருக்கிற நீர்." நாத்தனாரின் குரல் மாறியிருந்தது. "காதை அடைக்காதீங்க. குடிக்க எதுவும் குடுக்காதீங்க. தலையையும் கழுத்தையும் அசைக்கவே விடாதீங்க. கண்ணுல டார்ச் அடிச்சுப் பாருங்க."

இடது கண்ணில் வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்கியது. வலது கண்ணில் சுருங்கவில்லை. விளிம்புவரை கறுப்பாக, அப்படியே விரிந்து கிடந்தது.

"நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். ரோட்டுல தண்ணி நிக்குது, கொஞ்சம் நேரமாகும். பக்கத்துலயே இருங்க. பேசிக்கிட்டே இருங்க."

போன் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும். அதற்கு அடியில் அவருடைய மூச்சு, குறட்டைபோலக் கரகரவென்று, நடுநடுவே நின்று, மறுபடி இழுத்தது.

"ஏங்க. நான் யாரு, சொல்லுங்க."

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"துணி தைக்கிறவங்கதானே நீங்க?"

நீங்க. அவளை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கோபத்தில்கூட இல்லை.

"விளையாடாதீங்க."

"இல்லைங்க."

"சத்தியமா?"

"சத்தியமா." மரியாதையாகச் சொன்னார். முன்பின் தெரியாதவரிடம் சொல்வதுபோல. "நேரமாச்சுன்னா நீங்க கிளம்புங்க. அதோ, என் பொண்டாட்டி வந்துட்டா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கதவைப் பார்த்தார்.

அவள் திரும்பினாள். கதவு. திரைச்சீலை. யாருமில்லை.

"எவ்வளவு நேரம்டி நனைஞ்சுக்கிட்டே நிப்பே? உள்ள வா" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சொந்தமான சிரிப்பு அது. பதினெட்டு வருஷமாக அவளுக்கு மட்டும் சிரித்தது. அவர் மெல்ல இடுப்பை நகர்த்திச் சுவரோரம் ஒதுங்கினார். கட்டிலில் ஓர் ஆளுக்கு இடம்விட்டு, அங்கே தட்டிக் காட்டினார்.

அசையக் கூடாது. அசையவே கூடாது என்றாளே.

"ஆடாதீங்க, ஆடாதீங்க" என்று அழுதபடி, அவர் தலையை இரு கையாலும் பிடித்தாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பு வழிந்தது. ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. தெருவில் எந்த வண்டிச் சத்தமும் இல்லை. நின்றுகொண்டே பிடிக்க முடியவில்லை. அவர் விட்ட இடத்தில் உட்காரப் போனாள்.

சுருங்காத அந்தக் கண் அவள் பக்கம் திரும்பியது.

"அங்க உக்காராதீங்க" என்றார். "அவ உக்காந்திருக்கா."