விரல் பதிந்த இடம்

கன்னையாவின் வலது கணுக்காலுக்கு மேல் ஐந்து பள்ளங்கள் இருந்தன.

நீர் கோத்து வீங்கிய காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் பதிந்த தடம்போலக் கொஞ்ச நேரம் நின்று, மெல்ல மெல்ல மேலெழுந்து நிரம்பிவிடும். காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரசர் அம்புரோஸ் நாள்தோறும் பார்க்கிற காட்சிதான். ஆனால் அன்று காலை அவர் கிழக்கு வார்டுக்குள் வந்து போர்வையை விலக்கியபோது கட்டிலருகே ஒருவரும் இல்லை. பள்ளங்களோ அந்தக் கணத்தில்தான் கையை எடுத்ததுபோல ஆழமாக இருந்தன. நான்கு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். கால்மாட்டிலிருந்து யாரோ எட்டிப் பிடித்த பிடி.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பள்ளங்கள் நிரம்பின. போர்வையை இழுத்து மூடினார்.

கோலாலம்பூரில் பெரிபெரி நோய் ஆட்களை வாரிக்கொண்டு போன ஆண்டுகள் அவை. முதலில் பாதம் மரக்கும், பிறகு கால் வீங்கும், ஒருநாள் நெஞ்சு நின்றுபோகும். குற்றம் அரிசியில் என்றார்கள் சிலர், காற்றில் என்றார்கள் சிலர். அதை முடிவுகட்டத்தான் குன்றின் மேலிருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கிழக்கு வார்டுக்குத் தீட்டிய சியாம் பச்சரிசி. மேற்கு வார்டுக்குப் புழுங்கலரிசி. கறி, கட்டில், காற்று எல்லாம் ஒன்று. மேற்கில் எவனுக்கும் ஒன்றுமில்லை. கிழக்கில் கால்கள் ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டு வந்தன.

கன்னையா நோயாளியே அல்ல. கிள்ளான் ரயில் பாதையில் சிலிப்பர் கட்டை விழுந்து தோள் முறிந்து வந்தவன். தோள் எப்போதோ கூடிவிட்டது. கட்டில் காலியாக இருந்தது கிழக்கில். அவனை அங்கே போட்டார்கள், வெளியே அனுப்பவில்லை.

அம்புரோசுக்கு இது தெரியும். தெரிந்ததை என்ன செய்வது என்பதுதான் அவருக்குள் எங்கும் எழவில்லை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் மனைவி டொரத்தி காய்ச்சலில் போன பிறகு அவர் கையால் மட்டுமே வேலை செய்து வந்தார். கை கட்டுப் போட்டது, மருந்து ஊற்றியது, சிலுவை போட்டுக்கொண்டது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

மறுநாள் பள்ளங்கள் கெண்டைக்காலில் இருந்தன. அதற்கடுத்து முழங்காலுக்குக் கீழே.

சுற்று வந்த டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் கடிந்துகொண்டார். "தேவையில்லாமல் அழுத்தாதே, அம்புரோஸ். ஒரு தடவை பார்த்தால் போதும்."

"நான் அழுத்தலை, சார்."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வார்டு கழுவும் பவுனம்மாள் வாளியோடு வராந்தாவில் நின்றாள். பினாயில் வாடையும் ஈரச் சிமெண்டு வாடையும் அவளைச் சுற்றி இருந்தன. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நானும் பாத்தேன்யா. போன மாசம் செத்தானே அந்தச் சீனன், அவன் காலுலயும் இருந்திச்சு. நெஞ்சு வரைக்கும் ஏறிப் போச்சு. அந்தப் பக்கம் எவனுக்கும் இல்ல."

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்ல?"

பிற்பகலில் உணர்ச்சிச் சோதனை. நோயாளியின் கண்ணைத் துணியால் கட்டி, ஊசி முனையால் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வரவேண்டும். குத்துவது தெரிந்தால் அவன் சொல்லவேண்டும். வெளியே மழைக்கு வானம் கறுத்து, தகரக் கூரையில் முதல் துளிகள் தனித்தனியாக விழுந்துகொண்டிருந்தன. கன்னையா அமைதியாகப் படுத்திருந்தான். அம்புரோஸ் பாதத்தில் குத்தினார், பதில் இல்லை. கெண்டைக்காலில் இல்லை. முழங்காலில் இல்லை. கொஞ்சம் நிமிர்ந்து, ஊசியைத் துடைக்கத் திரும்பினார்.

"டிரசரய்யா, கையை எடுங்க."

அம்புரோஸ் தன் கைகளைப் பார்த்தார். ஒரு கையில் ஊசி இருந்தது. மற்றதில் பஞ்சு.

"தொடையப் புடிச்சிருக்கீங்களே. சில்லுன்னு இருக்கு."

முழங்காலுக்கு மேலே, உணர்ச்சி மிச்சமிருந்த இடத்தில், சதை உள்ளே போயிற்று. நான்கு ஒரு பக்கம். ஒன்று மறுபக்கம். அவர் பார்க்கப் பார்க்க.

பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு ஒரு மரப்புத்தான் வந்தது. கண்கட்டை அவிழ்த்தார். கன்னையா தன் காலைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"என்னைய அந்தப் பக்கம் மாத்திருங்கய்யா," என்றான், தணிந்த குரலில். "அந்தச் சோத்தத் தின்னுட்டுக் கெடக்கேன். வேற ஒண்ணும் கேக்கல."

டாக்டரிடம் போய்க் கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை, களைப்பாக இருந்தார். "ஒருவனை மாற்றினால் ஆராய்ச்சியே கெட்டுவிடும். இவர்களால் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைப்பார்கள், அம்புரோஸ்." அது பொய்யில்லை என்பது அம்புரோசுக்குத் தெரிந்தது. தலையாட்டிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கிள்ளானுக்குப் போயிருந்தார். மழை விடவேயில்லை. கன்னையாவுக்கு மூச்சு வாங்கியது. பள்ளங்கள் இடுப்பில் இருந்தன. அம்புரோஸ் பவுனம்மாளைக் கூப்பிட்டார். ஏன் அன்று கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

"தூக்கு. நீ காலப் புடி."

அவர் அக்குளில் கை கொடுத்தார். இரண்டு பேரும் தூக்கினார்கள். கட்டிலிலிருந்து கன்னையா லேசாக வந்தான், உள்ளே ஒன்றுமில்லாதவன்போல. கட்டில்களின் வரிசையைக் கடந்தார்கள். வாசல்படியை அம்புரோஸ் பின்னோக்கி நடந்து தாண்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் முற்றம், அதற்கு அப்பால் மேற்கு வார்டின் விளக்கு, வேகும் புழுங்கலரிசியின் வாடை.

வாசலில் கன்னையா எதிலோ மாட்டியதுபோல நின்றுபோனான்.

"வா," என்றார் அம்புரோஸ், கால் பக்கம் நின்றவளிடம்.

"நான் புடிக்கலய்யா," என்றாள் பவுனம்மாள். அவள் கால்களை விட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

கால்கள் கீழே விழவில்லை. நீட்டியபடியே இருந்தன, தரைக்கு மேலே, வார்டுக்குள். இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது. கன்னையாவின் இடுப்புத் துணி விலகி, வீங்கிய வயிற்றில் பள்ளங்கள் விழுந்தன. விலாவில். மாற்றி மாற்றி, கைக்குக் கை, கயிற்றில் ஏறுகிறவன்போல.

"வலிக்குதாடா?"

"ஒண்ணும் வலிக்கலய்யா." கன்னையா அண்ணாந்து அவரைப் பார்த்தான். "விட்டுராதீங்க."

மார்பில் விழுந்தது. இடது பக்கம். அங்கே நின்றது.

அம்புரோசின் கைகள் எப்போது விட்டன என்பது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் பிற்பகல், பிண அறை. மழை இருட்டில் அம்புரோஸ் இரண்டு கையாலும் விளக்கைத் தூக்கிப் பிடித்திருந்தார். கிள்ளானிலிருந்து திரும்பிய டாக்டர் கன்னையாவின் நெஞ்சைத் திறந்தார். நீர் வழிந்தது. இதயத்தை அறுத்து எடுத்து எனாமல் தட்டில் வைத்தார். வலப்பக்கம் ஊதிப் பெருத்திருந்தது. அவர் எதிர்பார்த்தபடியே.

"பார்த்தாயா?" என்றார். குரலில் மெல்லிய திருப்தி. கத்தியைத் துடைத்துவிட்டுத் தட்டின் மேல் குனிந்தார். நிமிராமலே கேட்டார்: "இதை ஏன் தொட்டாய்?"

இதயத்தின் மேல் ஐந்து பள்ளங்கள்.

"நான் தொடலை, சார்."

டாக்டர் திரும்பி அவர் கைகளைப் பார்த்தார். விளக்கைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும். வெகுநேரம் பார்த்தார்.

சுவருக்கு அப்பால் சாப்பாட்டு மணி அடித்தது. கிழக்கு வார்டில் தகரத் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கின.

தட்டில் கிடந்த இதயத்தில் பள்ளங்கள் ஆழமாயின. அறுத்த வாயிலிருந்து கறுத்த ரத்தம் கொஞ்சம் வந்தது. பிடி தளர்ந்தது. சதை மேலெழுந்தது. டாக்டர் ஓரடி பின்னால் போனார். கத்தி கீழே விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

மறுபடி பிடித்தது.

விட்டது.

பிடித்தது. அவசரமே இல்லாமல்.