எழுதிக்கொண்டே இருந்த கார்டு

"கார்டுல என்ன இருக்கு? எல்லாம் நகத்தளவு பிளாஸ்டிக்தானே."

"அபூ ஹமத், வண்டியை ஓரமா நிறுத்துங்க. என் கேமராப் பெட்டியில இருந்த மெமரி கார்டு எங்க?"

"என் தம்பிக்குக் கொடுத்தேன். ஒட்டகப் பந்தயத்தை வீடியோ எடுக்கணும்னான். பதிலுக்கு ஒண்ணு வச்சிருக்கேன் பாரு. முந்நூறுன்னு போட்டிருக்கு, உன்னோடதைவிட ஒசத்தி."

"அது படிக்கிற வேகம். எழுதுற வேகம் மூலையில 'வி'ங்கிற எழுத்துக்குப் பக்கத்துல சின்ன நம்பரா இருக்கும். அதைப் பார்த்தீங்களா?"

"நீ கல்யாணத்தை எடுக்கப் போறியா, ராக்கெட் விடப் போறியா?"

"எங்க வாங்கினீங்க?"

"மஸ்கத்துல. யாரோ ஒரு போட்டோக்காரியோட சாமானையெல்லாம் வித்துக்கிட்டிருந்தாங்க. நானே ஃபார்மேட் பண்ணிட்டேன். கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு, போதுமா?"

போதாது என்று ரய்யாவுக்குத் தெரியும். ஃபார்மேட் செய்தால் பெயர்ப்பட்டியல்தான் கிழியும். படங்கள் அடியில் அப்படியே கிடக்கும், அவற்றின் மேல் வேறு படம் வந்து விழும்வரை. ஆனால் அதற்குள் மண்டபம் வந்துவிட்டது. அபூ ஹமத் என்று அவள் கூப்பிடும் கணவன் ஸைஃப் ஆண்கள் பக்கம் காபி குடிக்கப் போய்விட்டான். பெண்கள் வாசலில் எல்லாருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தவள் ரய்யாவுடையதையும் வாங்கிக்கொண்டாள். ஸுஹார் ஊரில் எந்தக் கடையும் அந்த நேரத்தில் வேகமான கார்டை அவள் கையில் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை.

மாலையில் நடந்த அந்தப் பேச்சுதான் இப்போது மேடைக்கு முன்னால் நிற்கையில் அவள் காதுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. சந்தனமும் அகில்கட்டையும் கலந்த புகை விளக்குகளைச் சுற்றி மெல்லச் சுழல, முரசடியில் தரை உள்ளங்கால் வரைக்கும் அதிர, பச்சைப் பட்டும் தங்கமுமாக மணப்பெண் மவ்ஸா படியேறி வந்த அந்தச் சில நொடிகளை ரய்யா பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து எடுத்தாள். விரலை எடுத்தாள். கேமராவின் முதுகில் சிவப்புப் புள்ளி மின்னியது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய பழைய கார்டாக இருந்தால் மூச்சு விடுவதற்குள் அணைந்திருக்கும்.

இது அணையவில்லை.

மெதுவான கார்டு, ஏமாற்றுக் கார்டு, என்று பல்லைக் கடித்தாள். வீட்டில் யாருடைய பொருளும் ஸைஃபுக்குப் பொருள்தான். அவளுடையது மட்டும் விளையாட்டுச் சாமான். இந்த ஊரில் பெண்கள் மண்டபத்துக்குள் ஒரே ஒரு கேமராதான் நுழையும். ஒரே ஒரு கார்டில்தான் எடுக்க வேண்டும். இரண்டாவது பிரதி கூடாது. விருந்து முடிந்ததும் பெண்ணின் தாய் கையை நீட்டுவாள், அவள் கண்ணெதிரே கார்டைக் கழற்றி உள்ளங்கையில் வைக்க வேண்டும். அது பழுதானால் கல்யாணமே நடக்காத மாதிரி. அப்புறம் எந்த வீட்டிலும் ரய்யாவைக் கூப்பிட மாட்டார்கள்.

பெண்கள் சாப்பிடப் போனார்கள். நெய்ச்சோற்று வாசனை கூடத்தை நிறைத்தது. அவள் ஒரு படமும் எடுக்காமல் தூணோரம் நின்றாள். புள்ளி மின்னிக்கொண்டே இருந்தது.

என்னத்தை எழுதுகிறது?

மணப்பெண்ணின் அலங்கார அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, திரையில் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். மவ்ஸா வாசலில். மவ்ஸா படியில். அழகாகத்தான் வந்திருந்தன. மவ்ஸாவுக்குப் பின்னால், நாற்காலிகளின் கடைசி வரிசையில், சாம்பல் நிறச் சால்வை போர்த்திய ஒருத்தி நின்றிருந்தாள். எடுக்காதே என்று சொல்லும் பெண்கள் செய்வதுபோல முகத்துக்கு நேரே உள்ளங்கையை விரித்திருந்தாள்.

ரய்யா எரிச்சலோடு நினைவைத் துழாவினாள். முகம் வேண்டாம் என்று சொன்னவர்களையெல்லாம் அவள் ஒதுக்கி உட்கார வைத்திருந்தாள். கடைசி வரிசையில் யாருமே இல்லை.

அடுத்த படத்தில் அந்தச் சால்வைக்காரி நடு வரிசையில் இருந்தாள். அடுத்ததில் படிக்குக் கீழே. கை இறங்கவில்லை. சால்வையின் ஓரம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து கலைந்திருந்தது, பாதி அழிந்த படத்தில் வருவதுபோல. அதற்கடுத்த படத்தில் மவ்ஸாவின் முகம் தெரியவில்லை. அந்த உள்ளங்கைதான் தெரிந்தது.

கேமராவை அணைத்தாள். புள்ளி அணையவில்லை. பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

மின்னியது.

வெளியே முரசு நின்றிருந்தது. ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றியிருந்த பல்புகள் லேசாக இரைந்தன. ஏதோ கருகும் நாற்றம். ஈர மணல் மாதிரி ஒரு குளிர், பிடரியில் மட்டும்.

கேமராவில் கார்டு செருகும் இடத்தின் மூடியைத் திறக்க நகத்தை வைத்தாள். திறக்கவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல இறுக்கமாக இருந்தது.

கதவு திறந்தது. ரய்யா சின்னம்மா முறை வைத்துக் காலா என்று கூப்பிடும் மவ்ஸாவின் தாய் ஷம்ஸா வியர்வையும் சிரிப்புமாக உள்ளே வந்தாள்.

"இங்கயா ஒளிஞ்சிருக்க? எல்லாரும் உன்னைத் தேடுறாங்க. என்னை நல்லா எடுத்தியா, இல்ல என் மூக்கைத்தான் எடுத்தியா?"

"எடுத்தேன், காலா."

"சரி, கொடு. என் மூத்த மக ஆஸ்பத்திரில கண்ணை மூடாம கிடக்கா. தங்கச்சியைப் பட்டுல பாக்காம போகமாட்டேன்னு நர்சுங்ககிட்ட சண்டையாம். டாக்டர் என்கிட்ட ஒளிக்கல, ரய்யா. நாளைக்கு இருக்கிறது சந்தேகம்தான். இப்பவே கார் அனுப்புறேன்."

ஷம்ஸா காலா கையை நீட்டினாள்.

"இன்னும் எழுதிக்கிட்டிருக்கு, காலா. ஒரு நிமிஷம்."

"என்ன எழுதுது? கல்யாணம் முடிஞ்சிடுச்சே."

ஸைஃப் இந்த அறையில் இருந்திருந்தால் கேமராவை அவன் மேலேயே எறிந்திருப்பாள். கோபம் ஒன்றுதான் அவளை நிற்க வைத்திருந்தது. அந்தக் கோபத்தோடு ரய்யா கார்டு மூடியை மறுபடியும் நெம்பினாள்.

பேட்டரி இல்லாத கேமராவின் திரை எரிந்தது.

புதிய படம். இதே அறை. கண்ணாடி, பல்புகள், மேசைமேல் பேட்டரி. குனிந்து நிற்கும் ரய்யாவின் முதுகு. அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்று எடுத்த படம்.

அது மறைந்து இன்னொன்று வந்தது. முதுகு இன்னும் பெரிதாக.

இன்னொன்று. தலைமுடி. காது.

"காலா," என்றாள் ரய்யா.

ஷம்ஸா காலாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் பார்வை ரய்யாவின் மேல் இல்லை. தோளுக்கு மேலே, சற்று உயரத்தில் இருந்தது. நீட்டிய கை மெல்ல மடங்கியது. சால்வை நுனியை இழுத்து, அந்நியர் முன்னால் செய்வதுபோலத் தன் முகத்தை மூடிக்கொண்டாள்.

ரய்யா திரும்பவில்லை. திரையைத்தான் பார்த்தாள். அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் அந்த உள்ளங்கை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் முகம் இல்லை. சாம்பல் சதுரங்கள். நடுவே எழுதி முடியாத பாதி வாய்.

அது அசைந்தது. சத்தம் கேமராவிலிருந்து வரவில்லை. காதோரமாக, பல நாள் அடக்கிவைத்த ஆத்திரத்தில் நடுங்கியபடி வந்தது.

"என் படத்தை அழிச்சிட்டேன், அழிச்சிட்டேன்னு எல்லாரும் பொய் சொன்னீங்க. இனிமே ஒருத்தர் கண்ணுலயும் நான் படக்கூடாது. இந்தக் கார்டை உடைச்சிடு."